கீழ்க்கணக்கு

பொகவந்தலாவையிலிருந்து மூன்று மைல் ஏறினால்
எங்கள் தோட்டம்.
கோயிலுக்கு மேலே இருப்பவர்கள் மேற்கணக்கு.
நாங்கள் கீழ்க்கணக்கு.
பெயரிலேயே கணக்கு இருப்பதாலோ என்னவோ
எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது.

யார் வீட்டுக் கலியாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினேன்,
யார் திருப்பி எழுதவில்லை,
பாதித் தேங்காய் இரவல் வாங்கி மறந்தது யார்,
சாக்குப் பாரம் என்று கணக்கப்பிள்ளை
தினம் கழிக்கிற இரண்டு கிலோ:
எல்லாம் தேதியோடு தலைக்குள் இருக்கும்.
திருவிழாவுக்கு ஆயிரம் கொடுத்தேன் ஒருமுறை.
மைக்கில் என் பெயரைத் தப்பாக வாசித்தார்கள்.
மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் காம்பராப் பவளக்கொடியோடு
பேச்சு நின்று இரண்டு வருடம் நாலு மாதம்.
பீலியில் என் வாளியைத் தள்ளிவிட்டு
தன் வாளியை வைத்தாள்.
அதுவும் கணக்கில் இருந்தது.

ஒக்டோபர் சீட்டு எனக்கு.
அறுபதாயிரம்.
கூரைக்குப் பதினாறு தகரம்,
டவுன் கடையில் விலை கேட்டு வைத்திருந்தேன்,
ஆணிக்கும் சேர்த்து.

வாங்கப் போன அந்தியில்
சீட்டுக்காரி பூரணத்தின் வாசலில் பவளக்கொடி.
கொழும்பில் கடைக்குப் போன மகன்
ஏணியிலிருந்து விழுந்துவிட்டானாம்.
இடுப்பெலும்பு.
இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல்
ஈரம் சொட்டச் சொட்ட
தன் பெப்ரவரிச் சீட்டை இப்போதே தர முடியுமா என்று
கேட்டுக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

யோசித்தேன் என்றால் பொய்.
இரக்கப்பட்டேன் என்றாலும் பொய்தான்.
அவள் கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து
ரத்தம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.
அவளுக்கு அது தெரியவில்லை.
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்போது யாரோ சொல்வது கேட்டது:
"எஞ் சீட்ட அவளுக்குக் குடுங்க.
அவ சீட்டு எனக்கு."
என் குரல்தான்.

ஈர விரலால் இரண்டு தரம் எண்ணினாள்.
ஒரு சொல் சொல்லவில்லை.
விடியற்காலை முதல் பஸ்சில் போய்விட்டாள்.

அவள் போவதற்கு முன், அந்த இரவு, மழை.
மூன்று இடத்தில் ஒழுகும் எனக்கு.
ஒன்றின் கீழே சட்டி, ஒன்றின் கீழே வாளி,
ஒன்றின் கீழே பால்மா டின்.
மூன்றும் மூன்று சத்தம்.
மற்ற வருடங்களில்
சொட்டுக்கு ஒருவராகத் திட்டுவேன்:
துரை, தலைவர், செத்துப்போன புருஷன்.
அன்று தேடித் தேடிப் பார்த்தும்
திட்ட ஆள் அகப்படவில்லை.

பல் பிடுங்கிய இடத்தை
நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அப்படி
மனசு போய்த் தொட்டது:
பீலி. வாளி. நாலு மாதம்.
வலி இருந்த இடம்
மெத்தென்று இருந்தது.
கொஞ்சம் உப்பு ருசி, அவ்வளவுதான்.
மார்புக்குள் யாரோ
கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு
நிமிர்ந்து நின்றது போல இருந்தது.
தூங்கிவிட்டேன்.

நாலு மணிக்கு விழித்தபோது பயமும் வந்தது.
மாட்டேன் என்று சொல்லவில்லை.
பதினாறு தகரமும்
இருட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.
பஸ் ஹோர்ன் கேட்டது.
இவ்வளவு தூரம் அவள்
எதையாவது தின்றுவிட்டுப் போயிருப்பாளா
என்று நினைத்தேன்.
தகரச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியாது.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள்.
மகன் பிழைத்துக்கொண்டான், நடக்க நாளாகும் என்று
பூரணம்தான் எனக்குச் சொன்னாள்.
மறுநாள் காலை பீலியில் அவள்
என் பக்கம் திரும்பாமல்
வழக்கம்போலத் தன் வாளியைத்தான்
முதலில் வைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சத்தமாகவே சிரித்தேன்.
அவள் பயந்து பார்த்தாள்.
பேச்சு நின்று இப்போது எத்தனை மாதம் என்று
எண்ணப் பார்த்தேன்,
கணக்கு தப்பிப்போயிருந்தது.

பெப்ரவரி வரைக்கும்
ராத்திரியில் சட்டி நிறைந்தால்
நான்தான் எழுந்து கொட்ட வேண்டும்.
கொட்டுகிறேன்.